எதிர்த்தரப்பைக் கேட்டால் பிளவு குறையுமா? எது பலிக்கிறது, எது பலிக்கவில்லை

நிறைகோல்:

அரசியல் பிளவு என்று பேச்சு எடுத்தாலே ஒரு கைவைத்தியம் தயாராக இருக்கும்: "ரெண்டு பக்கமும் படி, மனசைத் திறந்து வை." சொல்பவருக்குக் காசு செலவில்லாத அறிவுரை. அப்படியே செய்து பார்த்தவர்களிடம் நோய் முற்றியதற்கும் சான்று உண்டு. அதனால்தான் இந்த இழை.

முதலில், பிளவு என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் கிடக்கின்றன. ஒன்று கருத்து விலகல்: வரி எவ்வளவு, தண்டனை எவ்வளவு, எல்லையில் யாரை விடுவது என்பதில் வேறுபாடு. இன்னொன்று ஆள்மேல் கசப்பு: அந்தப் பக்கத்துக்காரன் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காத நிலை. இந்த இரண்டாவதைத் தனியாகப் பிரித்து அளந்தவர்களில் அரசியல் ஆய்வாளர் ஷாந்தோ ஐயங்கார் முக்கியமானவர். 2012இல் வந்த அவர் குழுவின் கட்டுரை அமெரிக்காவைப் பற்றியது. உங்கள் பிள்ளை எதிர்க்கட்சிக்காரரைக் கட்டிக்கொண்டால் மனம் கோணுவீர்களா என்று 1960இல் கேட்டபோது ஆம் என்றவர்கள் 100க்கு 5 பேர் அளவில்தான். 2010இல் அதே மாதிரிக் கேள்விக்குக் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப்பேரும் ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவரும் ஆம் என்றார்கள். கொள்கையில் மக்கள் அந்த அளவுக்கு விலகிவிடவில்லை. கசப்புதான் ஏறியிருக்கிறது.

இப்போது மருந்துக்கு வருவோம். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் 48 மாணவர்கள், மரண தண்டனைக்கு ஆதரவு பாதி, எதிர்ப்பு பாதி. ஆளுக்கு இரண்டு ஆய்வுகள் கொடுத்தார்கள்: ஒன்று தண்டனையால் கொலை குறையும் என்கிறது, மற்றது குறையாது என்கிறது. ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமானதை "நேர்த்தியான ஆய்வு" என்றது; மற்றதில் ஓட்டை ஓட்டையாகக் கண்டுபிடித்தது. படித்து முடித்தபோது தங்கள் நிலை முன்னைவிட உறுதியாகிவிட்டதாகவே இரு தரப்பும் சொன்னது.

2018இல் சமூகவியலாளர் கிறிஸ் பெயில் குழு வெளியிட்டது இன்னும் நேரடியானது. ட்விட்டர் பயனர்களுக்கு 11 டாலர் கொடுத்து, எதிர்த்தரப்புச் செய்திகளை நாளுக்கு 24 வீதம் பகிரும் ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடர வைத்தார்கள். குடியரசுக் கட்சியினர் இன்னும் வலப்பக்கம், அதாவது தங்கள் பழமைவாதப் பக்கமே, நகர்ந்தார்கள். ஜனநாயகக் கட்சியினரும் தங்கள் பக்கமே நகர்ந்த மாதிரி இருந்தது, ஆனால் புள்ளியியல்படி கணக்கில் கொள்ளும் அளவுக்கு இல்லை.

ஆக, எதிர்க்கருத்தைக் காதில் ஊற்றினால் மட்டும் போதாது. எந்த ஏற்பாட்டில், யார் வாயால், எவ்வளவு அளவில் கேட்டால் பயன்? செய்முறை தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வெட்டுக்கிளி:

அப்போ உண்மையை எடுத்துச் சொன்னாலே ஆளுங்க இன்னும் முறுக்கிக்குவாங்கன்னு ஒரு கதை சுத்துதே, அதுவும் இதுவும் ஒண்ணுதானா? அப்படின்னா யாரையும் திருத்தவே வேண்டாம்னு ஆகிடும். பொய் ஃபார்வர்டு போடறவருக்கு ரொம்ப வசதி.

ஏரணன்:

ஒன்றில்லை, வெட்டுக்கிளி. நீங்கள் சொல்வது 2010இல் நைஹன், ரைஃப்லர் இருவரும் எழுதிய கட்டுரையிலிருந்து கிளம்பியது. திருத்தம் காட்டியபோது சிலர் தவறான நம்பிக்கையை இன்னும் இறுகப் பிடித்தார்கள் என்றது அது. பிறகு வுட், போர்ட்டர் என்ற இருவர் 52 விஷயங்களில் 10,000 பேருக்கு மேல் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். முறுக்கிக்கொள்வது அனேகமாகத் தென்படவே இல்லை. தகவலைத் திருத்தினால் பெரும்பாலோர் தகவல் அளவில் திருந்துகிறார்கள். நைஹனும் பின்னாளில் இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்.

தகவல் திருந்தியதால் விசுவாசம் மாறாது என்பது வேறு சங்கதி. "சரி, தலைவர் சொன்ன எண் தப்புதான்" என்று ஏற்றுக்கொண்டு அதே தலைவருக்கே வாக்குப் போடுவார்கள். திருத்துபவர் இதை எதிர்பார்க்காததால்தான் "எவ்வளவு சொன்னாலும் ஏறாது" என்று சலித்துக்கொள்கிறார். ஏறியிருக்கிறது, அவர் பார்த்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

பெயில் சோதனையில் ஒரு நுணுக்கத்தையும் விடக் கூடாது. அந்தக் கணக்கு பகிர்ந்தது எதிர்த்தரப்பு அரசியல்வாதிகள், கருத்தாளர்கள், ஊடகங்கள் எழுதியவற்றை. அதாவது மேடைக் குரல். மேடைக் குரல் தன் கூட்டத்தைச் சூடேற்ற எழுதப்படுவது. அடுத்த தரப்புக்காரர் காதில் விழுந்தால் வசவாகத்தான் கேட்கும். ஆகவே எதிர்த்தரப்பில் யாரைப் படிப்பது என்பதில் என் சல்லடை இது: கடந்த சில மாதங்களில் தன் சொந்த முகாமின் ஒரு முடிவையாவது பெயர் சொல்லிக் குறை கூறியிருக்க வேண்டும், எதிராளியின் வாதத்தை மேற்கோள் காட்டும்போது அதன் வலுவான வடிவத்தைக் காட்டுபவராக இருக்க வேண்டும், தான் சொன்னது தப்பிப்போனபோது திருத்தம் போட்டவராக இருக்க வேண்டும். மூன்றும் தேறுபவர்கள் எந்த முகாமிலும் சொற்பம். இரண்டு பேர் கிடைத்தால் போதும். இருபது பேரைச் சேர்த்தால் முதல் வாரத்திலேயே கைவிடுவீர்கள்.

இன்னொன்று. 1979 சோதனைக்கு 1984இல் ஒரு தொடர்ச்சி உண்டு. "நடுநிலையாக இருந்து மதிப்பிடுங்கள்" என்று சிலரிடம் சொன்னார்கள். ஒரு பயனும் இல்லை. வேறு சிலரிடம், "இதே முறையில் செய்த ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்திருந்தால் இந்த முறையைப் பற்றி இதையேதான் சொல்வீர்களா?" என்று ஒவ்வொரு படியிலும் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சாய்வு குறைந்தது. நடுநிலை என்பது ஒரு வேண்டுகோள். இது ஒரு வேலை. செய்தியைப் பகிரும் முன் ஒரே ஒரு முறை கட்சிப் பெயரை மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள், போதும்.

மூன்றாம்வரி:

நான் "எப்படி" என்ற கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன். 2013இல் ஃபெர்ன்பாக், ஸ்லோமன் குழு செய்தது. ஒரு கொள்கையை ஏன் ஆதரிக்கிறீர்கள் என்று காரணம் கேட்டால் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. அது எப்படி நடைமுறையாகும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னால், தனக்கு அவ்வளவாகத் தெரியாது என்பது சொல்பவருக்கே உறைக்கிறது.

கட்டாய வாக்களிப்பை எடுத்துக்கொள்வோம். "ஏன் வேண்டும்?" என்றால் பதில் மழை மாதிரிக் கொட்டும்: கடமை, ஜனநாயகம், பொறுப்பு. இப்போது எப்படி என்று கேளுங்கள்.

"வாக்களிக்காதவர் யார் என்று எந்தப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிப்பது?"
"வாக்காளர் பட்டியல் இருக்கிறதே."
"வீடு மாறிப்போனவர், இறந்துபோனவர் பெயரும் அதில் இருக்குமே?"
"அவர்களுக்கு நோட்டீஸ் போய், பதில் வந்தால் விட்டுவிடலாம்."
"எந்தக் காரணத்தை ஏற்பது? உடம்பு சரியில்லை என்றால் சான்று வேண்டுமா?"
"ம்... அதை அதிகாரிதான் பார்க்கணும்."
"அபராதம் கட்டாவிட்டால்?"

நான்காவது ஐந்தாவது கேள்வியில் குரல் இறங்கும். எதிர்ப்பவரிடமும் இதே சோதனை: "கட்டாயம் இல்லாமல் வாக்குப்பதிவைக் கூட்டுவது எப்படி, படிப்படியாகச் சொல்லுங்கள்." அவரும் மூன்றாவது படியில் தடுமாறுவார்.

இது கெட்டுப்போகும் இடங்கள்: "எப்படி" என்று தொடங்கி நடுவில் "அப்போ ஏன்யா" என்று நழுவுவது. நாலு பேர் பார்க்கக் கேட்பது. ஆள் மானத்தைக் காக்கத்தான் பார்ப்பார், பதிலை யோசிக்க மாட்டார். குறுக்கு விசாரணை வேகத்தில் கேட்பது. எல்லாவற்றையும்விட, அதே கேள்வியைத் தன் நிலைப்பாட்டின் மேல் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்காமல் கிளம்புவது.

ஏரணன்:

மூன்றாம்வரி, அந்த 2013 முடிவில் ஒரு பாதி நிலைக்கவில்லை. 2021இல் வேறு ஆய்வாளர்கள் அதை மூன்று முறை அப்படியே திரும்பச் செய்து பார்த்தார்கள். விளக்கச் சொன்னதும் "எனக்குத் தெரிந்தது குறைவுதான்" என்று உணர்வது மறுபடி வந்தது. நிலைப்பாடு மிதமாவது வரவில்லை.

மூன்றாம்வரி:

சரிதான், ஏற்கிறேன். அப்படியென்றால் ஆளை மாற்றும் கருவியாக அதை விற்கக் கூடாது. தன் அறிவின் ஆழத்தைத் தானே அளக்கும் கோலாக வைத்துக்கொள்ளலாம். ஒரு தாள், கொள்கையின் பெயர், கீழே 1 முதல் 8 வரை படிகள். எட்டையும் நிரப்ப முடியாவிட்டால் அந்த விஷயத்தில் சத்தம் போடும் உரிமை உங்களுக்கு இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். (இந்த அளவுகோலை என்மேல் போட்டால் நான் பேசத் தகுதியுள்ள கொள்கைகள் இரண்டோ மூன்றோதான்.)

பொதுமேசை:

தனி ஆளை விட்டுக் கூட்டத்துக்கு வருகிறேன். கூட்டம் கூட்டிப் பேசினாலே நல்லது என்று நினைப்பவர்கள் 2005 கொலராடோ சோதனையைப் பார்க்க வேண்டும். போல்டர் நகரம் இடச்சாய்வு, கொலராடோ ஸ்பிரிங்ஸ் வலச்சாய்வு. அந்தந்த ஊர்க்காரர்களை ஐந்தாறு பேராகச் சேர்த்துப் புவி வெப்பமாதல் உள்ளிட்ட மூன்று விஷயங்களைப் பேசவிட்டார்கள். பேசி முடித்ததும் இடம் இன்னும் இடமானது, வலம் இன்னும் வலமானது. குழுவுக்குள் முன்பு இருந்த சின்னச் சின்ன வேறுபாடுகளும் கரைந்துபோயின, தனித்தனியாக ரகசியமாக எழுதச் சொன்னபோதுகூட. ஒரே மாதிரி ஆட்களின் வாட்ஸ்அப் குரூப் எப்படிச் சூடாகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை. எல்லோரும் ஒரே பக்கத்து வாதங்களையே கொண்டுவருவதால் கேட்பதெல்லாம் அந்தப் பக்கமே ஏறுகிறது. மேலும் தன் கூட்டத்தைவிடக் குறைந்த விசுவாசியாகத் தெரிய யாருக்கும் விருப்பமில்லை.

மறுபக்கம், அயர்லாந்தின் குடிமக்கள் அவை. 2016இல் தொடங்கியது, 99 குடிமக்கள், ஒரு தலைவர். மக்கள்தொகையை ஒத்திருக்கும்படி ஆட்களைத் தேர்ந்தார்கள். கருக்கலைப்புக்குத் தடையாக இருந்த எட்டாவது அரசியலமைப்புத் திருத்தத்தை ஐந்து வார இறுதிகளில் அலசினார்கள்: மருத்துவர், சட்ட நிபுணர், இரு தரப்பு இயக்கத்தார் எல்லோரும் வந்து பேசினார்கள். சிறு வட்ட மேசைகள், மேசைக்கு ஒரு நெறியாளர், ஒரு குறிப்பெடுப்பவர். இறுதியில் ரகசிய வாக்கு. 2018 மே 25 பொதுவாக்கெடுப்பில் 66.4 விழுக்காடு மாற்றத்துக்கு ஆதரவு. தோற்ற தரப்பு மகிழவில்லை, அவை சாய்ந்திருந்தது என்று குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் பல்லாண்டுகளாகத் தொட்டாலே சுடும் என்றிருந்த விஷயம் ஒரு மேசையில் பேசக்கூடியதாக ஆயிற்று.

அதன் சிறு வடிவத்தை எட்டுப் பேருக்கு, 90 நிமிடத்தில் நடத்தலாம். எட்டுக்கு மேல் போனால் மேசை இரண்டாக உடைந்து தனிப்பேச்சு தொடங்கிவிடும். எட்டில் குறைந்தது மூவராவது சிறுபான்மைக் கருத்துக்காரராக இருக்க வேண்டும். ஒற்றை ஆளை உட்காரவைத்தால் அவர் விருந்தாளியாகவோ குற்றவாளியாகவோதான் இருப்பார்.

முதல் 10 நிமிடம் பேச்சே இல்லை. ஆளுக்கொரு தாளில் தன் நிலை, அதற்கு 0 முதல் 10 வரை உறுதி, தன் மனம் மாற எது வேண்டியிருக்கும் என்ற ஒரு வரி. மடித்துப் பெட்டியில் போட வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பேச்சுக்குப் போனால் முதலில் வாய் திறந்தவர் எல்லோருக்கும் நங்கூரம் போட்டுவிடுவார். கை தூக்கச் சொல்லவே கூடாது. தூக்கிய கையை இறக்குவது மனிதருக்குக் கஷ்டம்.

அடுத்த 15 நிமிடம் இரு தரப்பும் ஏற்கும் ஒரு பக்கத் தகவல் தாளை வாசிப்பது. இந்தத் தாளைத் தயாரிப்பதுதான் இருப்பதிலேயே பெரிய வேலை: இரு தரப்பிலிருந்தும் ஒருவர் முன்கூட்டியே பார்த்து, ஒப்பாத வரியை அடித்துவிட வேண்டும். எஞ்சுவது பாதிப் பக்கமானாலும் பரவாயில்லை. பிறகு 20 நிமிடம் சுற்று: ஆளுக்கு இரண்டு நிமிடம், குறுக்கீடு கிடையாது, வேண்டாமென்றால் "கடக்கிறேன்" எனலாம். அடுத்த 30 நிமிடம் திறந்த பேச்சு, ஒரே விதியோடு: மறுக்கும் முன் மறுக்கப்படும் கருத்தைச் சொல்ல வேண்டும், உரியவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்ற பிறகே மறுப்பு. கடைசி 15 நிமிடம் மறுபடி தாள், மறுபடி எண். ஒப்பிட்டுப் பார்த்தால் நிலை மாறியவர் அனேகமாக ஒருவரோ இருவரோ இருப்பார். உறுதி எண் இறங்கியவர் அதைவிட அதிகம் இருப்பார். அந்த இரண்டாம் எண்ணைப் பார்க்காததால்தான் பலரும் "ஒண்ணும் நடக்கலை" என்று எழுந்து போகிறார்கள்.

கெடுக்கும் காரணங்களில் முதலிடம்: மேசையில் ஒருவருக்கு இன்னொருவர் சம்பளம் கொடுப்பவராக இருப்பது. இரண்டாவது, நெறியாளர் ஒவ்வொரு கருத்துக்கும் "அருமை" சொல்வது. எதற்குச் சொன்னார், எதற்குச் சொல்லவில்லை என்று எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

கசப்புமருந்து:

எல்லாம் சரி. "மாற்றுக் கருத்துக்கு மதிப்பு" என்ற சொல்லை யார் யாரிடம் கேட்கிறார்கள் என்று பார்த்தீர்களா? பெரும்பாலும் பலம் உள்ளவர் பலம் இல்லாதவரிடம். தன்னை மனிதனாகவே ஏற்க மறுப்பவரின் "கருத்தை" உட்கார்ந்து கேட்கச் சொல்வது திறந்த மனம் இல்லை, இரண்டாவது அடி.

1954இல் உளவியலாளர் ஆல்போர்ட் எழுதியதை இங்கே எல்லோரும் பாதியாகத்தான் நினைவு வைத்திருக்கிறார்கள். கலந்து பழகினால் வெறுப்பு குறையும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நான்கு நிபந்தனை வைத்தார்: அந்த இடத்தில் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, போட்டியில்லாத கூட்டுவேலை, அமைப்பின் ஆதரவு. அதே 1954இல் முசாஃபர் ஷெரீஃப் என்ற உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கிச் சண்டை மூளவிட்டபோது என்ன ஆயிற்று? பிறகு ஒன்றாகச் சாப்பிட வைத்தார்கள், சாப்பாட்டை எறிந்து சண்டை போட்டார்கள். இரண்டு அணியும் சேர்ந்தால்தான் தீரும் என்கிற தண்ணீர்ப் பிரச்சினையும், நின்றுபோன வண்டியை இழுக்கும் வேலையும் வந்த பிறகுதான் தணிந்தது. வெறுமனே சேர்த்து உட்காரவைப்பது பெட்ரோல் ஊற்றுவது.

இன்னொரு தகவலையும் எழுதி வைக்கிறேன். 2024இல் வெளியான பெருஞ்சோதனை: 25 முறைகள், 32,000 பேருக்கு மேல், அமெரிக்காவில். 25இல் 23 முறைகள் கட்சிக் கசப்பைக் குறைத்தன. ஆனால் ஜனநாயக விதியை மீறும் தன் கட்சிக்காரரை ஆதரிக்கும் போக்கைக் குறைத்தவை அதைவிட மிகக் குறைவு. எதிராளிமேல் கனிவு வந்தால் விதிமேல் மரியாதை தானாக வந்துவிடாது. இரண்டுக்கும் வேறு வேறு வேலை.

நிறைகோல்:

கசப்புமருந்து சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "இது கருத்தே இல்லை, கேட்க வேண்டியதில்லை" என்ற கத்தியைச் சகட்டுமேனிக்கு வீசுவதையும் பார்க்கிறோமே. எல்லை போடும் முன் வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்கலாம்.

மூன்றாம்வரியின் எடுத்துக்காட்டையே எடுக்கிறேன்: "வாக்களிக்காதவருக்கு அபராதம் போட்டால் ஜனநாயகம் வலுப்படும்." இதில் மூன்று அடுக்கு. அபராதம் போட்டால் வாக்குப்பதிவு கூடுமா? இது தகவல். ஆஸ்திரேலியா 1924இல் சட்டம் போட்டது. 1922 தேர்தலில் 60 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது 1925இல் 91க்கு மேல் போனது. இதில் "என் கருத்து வேறு" என்று சொல்ல அவ்வளவாக இடமில்லை. பதிவு கூடினால் ஆட்சி மேம்படுமா? இது காரண–காரியம், நேர்மையாக இருவர் வேறுபடலாம், எந்தச் சான்று வந்தால் மாறுவேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். வாக்களிக்காமல் இருப்பதும் ஓர் உரிமையா? இது மதிப்பீடு. இதற்கு எத்தனை புள்ளிவிவரம் கொண்டுவந்தாலும் தீராது.

வாக்குவாதம் முட்டுச்சந்தில் நிற்பதற்குப் பாதிக் காரணம், ஒருவர் மூன்றாம் அடுக்கில் பேசுகிறார், மற்றவர் முதல் அடுக்கிலிருந்து எண்களை எறிகிறார். அடுக்கைப் பெயர் சொல்லிக் கேட்டால், "இப்போ நாம் பேசுவது வாக்குப்பதிவு கூடுமா என்பதையா, கட்டாயப்படுத்தலாமா என்பதையா?", பல சமயம் சண்டையின் அளவு பாதியாகும். ஒருவரின் மனிதத்தன்மையை மறுப்பது இந்த மூன்றில் எந்த அடுக்கிலும் வராது, அதனால் கசப்புமருந்தின் எல்லை அப்படியே நிற்கட்டும்.

வெட்டுக்கிளி:

யாரும் அல்காரிதத்தைத் திட்டலையே, ஆச்சரியமா இருக்கு. சரி, நானே ஆரம்பிக்கறேன், ஆனா திட்ட மாட்டேன்.

2020 அமெரிக்கத் தேர்தல் சமயத்துல ஃபேஸ்புக்ல ஒரு கூட்டத்துக்கு அல்காரிதத்தை எடுத்துட்டு நேர வரிசையில பதிவுகளைக் காட்டினாங்க, மூணு மாசம். 2023ல முடிவு வந்தது: ஆளுங்க அதுல செலவழிச்ச நேரம் குறைஞ்சது, பிளவு அளவுகோல் நகரலை. அதுக்கு முன்னாடி 2018 தேர்தலப்போ நாலு வாரம் ஃபேஸ்புக்கையே மூட வச்சுப் பார்த்தாங்க. கொள்கை விஷயத்துல பிளவு கொஞ்சம் குறைஞ்சது, நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சம் ஆச்சு, மனசும் கொஞ்சம் லேசாச்சு. ஆனா நாட்டு நடப்பு பத்தின அறிவும் சேர்ந்து குறைஞ்சது. அதனால "எல்லாம் அந்த ஆப்பாலதான்"ங்கறதும் தப்பு, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல"ங்கறதும் தப்பு.

நான் முக்கியமா நினைக்கறது வேற. 2019ல ஒரு அமெரிக்கக் கணக்கெடுப்புல, எதிர்த்தரப்புல தீவிரக் கருத்து உள்ளவங்க எத்தனை பேர்னு ரெண்டு பக்கமும் கேட்டாங்க. 55 விழுக்காடுன்னு சொன்னாங்க. நிஜம் 30 பக்கம். அதுலயும் அரசியல் செய்தியை விடாமப் பார்க்கறவங்களோட கணிப்புதான் ரொம்பத் தப்பு! கத்தறவன் குரல் மட்டும் காதுல விழுது, பேசாம இருக்கறவன் கணக்குலயே வரல.

குடும்ப குரூப்ல எரிச்சலூட்டற ஃபார்வர்டு வந்தா என் வழக்கம்: குரூப்ல பதில் கிடையாது. தனியா, "இது எங்கேர்ந்து வந்துச்சு பெரியப்பா, முழுசாப் படிச்சீங்களா?"ன்னு ஒரு வரி. தப்பான எண் இருந்தா சரியான எண்ணை மட்டும், கிண்டல் இல்லாம. ரெண்டாவது மெசேஜ் அன்னிக்குக் கிடையாது. அவரே குரூப்ல டிலீட் பண்ணா அதைப் பத்திப் பேசவே கூடாது, நன்றிகூட வேண்டாம்.

மூன்றாம்வரி:

வெட்டுக்கிளியின் கடைசி வரி பொன். இறங்கி வர ஏணி வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொள்ள வேண்டும்.

மொழிப் பக்கமாக ஒன்று. நம் மொழியிலேயே பிளவைக் கூட்டவும் குறைக்கவும் கருவிகள் இருக்கின்றன. "நாம்" என்றால் கேட்பவரும் உள்ளே, "நாங்கள்" என்றால் கேட்பவர் வெளியே. எதிர்த்தரப்புக்காரரோடு பேசும்போது எந்த இடத்தில் "நாம" போய் "நாங்க" வருகிறது என்று கவனித்தால், பேச்சு எங்கே உடைந்தது என்று விரல் வைத்துக் காட்டலாம். அதேபோல் "உங்க ஆளுங்க": எதிரில் இருக்கும் ஒருவரைக் காணாமல் அடித்து, அவர் முகாம் முழுவதற்கும் அவரை வக்கீலாக்கிவிடும் சொல். அவர் தன் கட்சியின் அந்தச் செயலை வெறுப்பவராகவே இருந்தாலும் இப்போது வாதாடித்தான் ஆக வேண்டும்.

"தானே" இன்னொன்று. "நீங்க அன்னிக்கு அப்படிச் சொன்னீங்கதானே?" கேள்வி மாதிரி இருக்கும், பதிலுக்கு இடம் விடாது. "கூட" அதைவிட மோசம்: "படிச்ச நீங்க கூடவா?" ஒரே ஒட்டில் அவரைப் புகழ்ந்து, அவர் கூட்டத்தையே முட்டாளாக்கியாயிற்று. "அப்படின்னா நீங்க சொல்றது என்னன்னா..." என்று தொடங்கும் வாக்கியம் நூற்றுக்குத் தொண்ணூறு அவர் சொல்லாததில்தான் முடியும். பதிலாக: "நான் புரிஞ்சிக்கிட்டதைச் சொல்றேன், தப்பா இருந்தா திருத்துங்க."

பொதுமேசை சொன்ன "சொல்லிவிட்டு மறு" விதி நமக்குப் புதிதில்லை. 13ஆம் நூற்றாண்டுச் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பரபக்கம் என்று ஒரு பாதியே இருக்கிறது: பிற சமயத்தார் கொள்கையை முதலில் எடுத்து வைத்து, பிறகு மறுப்பது. தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கம் அதற்கு அப்புறம்தான். மறுப்பு காரமாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எதை மறுக்கிறார் என்று வாசிப்பவருக்குத் தெரியும். இன்றைய சண்டையில் பரபக்கம் எழுதுபவர் யாருமில்லை, நேராகச் சுபக்கம்.

ஏரணன்:

வீடு வீடாகச் சென்று பேசும் முறையைப் பற்றி யாரும் எழுதாததால் சுருக்கமாக. 2014இல் வந்த ஒரு புகழ்பெற்ற கட்டுரை, ஒரு சிறு உரையாடலால் மனம் நீண்ட காலத்துக்கு மாறும் என்றது. தரவே போலி என்று புரூக்மேன், காலா உள்ளிட்ட ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2015இல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே புரூக்மேன், காலா இருவரும் உண்மையான சோதனையை மயாமியில் நடத்தி 2016இல் வெளியிட்டார்கள். சுமார் 10 நிமிட உரையாடல், திருநர் மீதான வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்து அளந்தபோதும் அது நீடித்தது. உள்ளடக்கம் இதுதான்: வாதம் கிடையாது, தீர்ப்பு கிடையாது, வேறுபட்டவர் என்பதற்காக யாராவது உங்களை ஒதுக்கியதுண்டா என்று கேட்டு, அவர் சொல்வதைக் கேட்டு, அதிலிருந்து விஷயத்துக்கு வருவது. கேட்பவர் கடைசிவரை முகம் சுளிக்கக் கூடாது, அதற்கே பயிற்சி வேண்டும். செலவு அதிகம், ஆளுக்கு ஆள்தான் நடக்கும். பெருக்க முடியாது என்பதே இதன் குறை.

வெட்டுக்கிளி:

பொதுமேசைக்கு ஒரு கேள்வி. 90 நிமிஷத்துல நடுவுல ஒருத்தர் கோபப்பட்டு எழுந்து போயிட்டா என்ன பண்றது? கூப்பிட்டு உட்காரவைக்கணுமா?

பொதுமேசை:

போகவிட வேண்டும். பின்னாலேயே ஓடினால் மற்ற ஏழு பேரும் அவரைப் பற்றித்தான் பேசுவார்கள். நெறியாளர் இரண்டு நிமிடம் எல்லோரையும் எழுதச் சொல்லலாம்: "அவர் கடைசியாகச் சொன்னது என்ன?" ஏழு தாளில் ஏழு மாதிரி இருந்தால் யாரும் கேட்கவில்லை என்று பொருள், அங்கிருந்து தொடரலாம். அவருடைய முதல் தாள் பெட்டியிலேயே இருக்கட்டும், ஆனால் ஒப்பீட்டில் சேர்க்கக் கூடாது. எழுந்து போனவரின் எண்ணை விட்டுவிட்டு "எல்லோரும் மிதமானார்கள்" என்று அறிக்கை எழுதுவதும் கூடாது, ஒருவர் வெளியேறினார் என்று முதல் வரியிலேயே போட வேண்டும். மறுநாள் ஒரே ஒருவர், எதிர்த்தரப்பில் இருந்தவராக இருந்தால் நல்லது, போன் செய்து அவர் வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லிச் சரியா என்று கேட்கலாம். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அந்தப் போனில் வேண்டாம்.